முச்சக்கர வண்டிக்கு வீட்டிலேயே கிறீஸ் அடிப்போம்



இப்பொழுது நமது தோட்டங்களில் பல குடும்பங்கள் முச்சக்கர வண்டி வைத்திருக்கின்றன. சிலர் சேமலாப நிதிப் பணத்தில் வாங்கினார்கள், பலர் லீசிங்கில் எடுத்து மாதாமாதம் கட்டி வருகிறார்கள். பகலில் அது பிழைப்புக்கு ஓடுகிறது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு போகிறது. நடுச்சாமத்தில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி வந்தால் அந்த வண்டியேதான் அம்புலன்ஸ். அப்படிப்பட்ட வண்டியின் என்ஜினுக்கு எண்ணெய் மாற்ற மறக்காத நம்மவர்கள், அதன் கீழ்ப்பகுதியான சேசியைக் குனிந்து பார்ப்பதில்லை. "ஓடுதுதானே, பொறவு பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அச்சாணி இருந்தாலும் அதற்கு மசகு இல்லாவிட்டால் தேர் நெடுநாள் ஓடாது. 1867இல் கண்டிக்கு ரயில் வருவதற்கு முன்னர் மலைநாட்டுக் கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்குச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டிமை செய்து அச்சுக்குப் பூசும் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. மை வறண்ட சக்கரம் கிறீச்சிடும், மாடு இழுக்கத் திணறும். இன்று மாட்டுக்குப் பதில் என்ஜின் இழுக்கிறது, வண்டிமைக்குப் பதில் கிறீஸ் வந்திருக்கிறது. விஷயம் ஒன்றுதான்.

கிறீஸ் என்ன வேலை செய்கிறது?

இரும்பும் இரும்பும் உரசினால் தேயும், சூடாகும். இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் படலம் ஒன்று இருந்தால் அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறையும். ஆனால் வெறும் எண்ணெயைச் சேசியில் விட்டால் அது வழிந்து போய்விடும். ஆகவே எண்ணெயை ஒருவகைச் சோப்போடு சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். அதுதான் கிறீஸ். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைப்பது போல அந்தச் சோப்பு எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். பாகம் அசைந்து அழுத்தம் ஏற்படும்போது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

கிறீஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது இடைவெளியை நிரப்பி மண்ணையும் தண்ணீரையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. நமது தோட்டத்துப் பாதைகளுக்கு இதுதான் மிக முக்கியம். கல் ரோட்டில் தூசி, மழைக்குச் சேறு, கான் நிறைந்து பாதையில் ஓடும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து பழைய கிறீஸைக் கழுவிவிடுகின்றன. கழுவிய இடத்தில் மணல் புகுந்தால் அரம் போட்டு ராவுவது போல் பின்னையும் புஷ்ஷையும் தின்றுவிடும்.

கவனிக்காவிட்டால் என்ன நடக்கும்?

முதலில் முன்பக்கத்தில் ஒரு கிறீச் சத்தம் கேட்கும். அடுத்து ஹேண்டல் பாரமாகும், பள்ளத்தில் விழும்போது "டக், டக்" என்று இடிக்கும். பின்பு டயர் ஒரு பக்கமாகத் தேயும். கடைசியில் முன்சக்கரம் ஆடத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஹேண்டல் நினைத்த பக்கம் திரும்பவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பணக் கணக்கும் இருக்கிறது. ஒரு டின் கிறீஸ் பல தடவைக்கு வரும். ஆனால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டால் சாமானுக்குக் காசு, கராஜ்காரருக்குக் கூலி, வண்டி நிற்கும் நாட்களின் உழைப்பு என்று மூன்று பக்கமும் நட்டம். லீசிங் தவணை மட்டும் நிற்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுச் சில வருடங்கள் நீடித்ததையும், 2022 நெருக்கடியில் உதிரிப்பாகத்துக்கு அலைந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம் என்பதை அந்தக் காலம் நமக்குக் காட்டியது.

இன்னொன்று. வருடாந்த வருமான உத்தரவுப் பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனையில் பாஸாகிவிட்டால் வண்டி முழுவதும் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பரிசோதனை புகையை மட்டுமே பார்க்கிறது. சேசியை நாம்தான் பார்க்க வேண்டும்.

தேவையான சாமான்கள்

1. கிறீஸ் கன் ஒன்று. கையால் அமுக்கும் சாதாரண வகை போதும். ஒருவர் தனியாக வாங்க வேண்டுமென்பதில்லை. ஒரே லயத்தில் அல்லது ஒரே ஸ்டாண்டில் இருக்கும் நாலைந்து பேர் காசு போட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

2. கிறீஸ். கடையில் "எம்.பி. கிறீஸ், லித்தியம், 2ஆம் நம்பர்" என்று கேளுங்கள். நம்பர் என்பது கெட்டித்தன்மையின் அளவு. வண்டியின் புத்தகத்தில் வேறு வகை குறிப்பிட்டிருந்தால் அதையே வாங்குங்கள். இந்த மாதம் ஒரு வகை, அடுத்த மாதம் இன்னொரு வகை என்று மாற்றாதீர்கள். வெவ்வேறு சோப்பில் செய்த கிறீஸ்கள் கலந்தால் சில வேளை இளகி வழிந்துவிடும்.

3. பழந்துணி, கம்பித் தூரிகை அல்லது பழைய பல் துலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய்.

4. வண்டியைத் தூக்கும் ஜக், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு மூன்று கட்டைகள், சேசியைத் தாங்க உறுதியான மரக்குற்றிகள்.

பழைய என்ஜின் எண்ணெயைச் சேசிக்குப் பூசும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். அது நிற்காமல் வழியும், பிரேக்கில் படவும் கூடும். அடிக்கடி தோலில் பட்டால் உடம்புக்கும் கெடுதி, தோல் புற்றுநோய்க்கும் அது காரணமாகலாம்.

கிறீஸ் நிப்பிள் எங்கே இருக்கிறது?

நிப்பிள் என்பது சிறு மொட்டுப் போன்ற ஓர் இரும்புக் குமிழ். அதன் நுனியில் கடுகளவு போல் ஒன்றும் அதற்குப் பின்னால் ஸ்பிரிங்கும் இருக்கும். கன்னால் அமுக்கும்போது போல் உள்ளே போய் வழிவிடும். அமுக்கம் நின்றதும் திரும்ப வந்து வாயை மூடும். அதனால்தான் உள்ளே போன கிறீஸ் வெளியே வருவதில்லை, வெளியே உள்ள தூசி உள்ளே போவதில்லை.

முச்சக்கர வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் முன்சக்கரத்தைத் தாங்கும் கை ஸ்டியரிங் தூணோடு சேரும் மூட்டு. பள்ளம் மேட்டில் சக்கரம் மேலும் கீழும் அசைவது அந்த மூட்டில்தான். அடுத்தது பின்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு கைகளும் சேசியோடு சேரும் மூட்டுகள். மாடலுக்கு மாடல் நிப்பிளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். புத்தகம் இல்லாதவர்கள் ஒரு தடவை கராஜுக்குப் போகும்போது, "அண்ணே, எங்கெங்க நிப்பிள் இருக்குன்னு காட்டுங்க" என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் நிப்பிள் சேற்றுக்குள் புதைந்தே கிடக்கும். சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

வேலையைச் செய்யும் முறை

முதலாவது: சமதரையான இடத்தைத் தேடுங்கள். லயத்து வாசல் சரிவாக இருந்தால் அங்கே வேண்டாம். என்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். என்ஜினும் சைலன்சரும் ஆறும்வரை பொறுங்கள்.

இரண்டாவது: நிப்பிளைச் சுற்றியுள்ள சேற்றைத் தூரிகையால் தேய்த்து, துணியால் துடையுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். அழுக்கோடு அடித்தால் கிறீஸோடு மணலையும் நாமே உள்ளே தள்ளுகிறோம்.

மூன்றாவது: கன்னில் கிறீஸ் நிரப்புங்கள். பின்புறக் கம்பியை இழுத்து மாட்டிவிட்டு, தலையைக் கழற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் அமுக்கி அமுக்கி நிரப்ப வேண்டும். தலையைப் பூட்டி, கம்பியை விடுவித்து, நுனியில் கிறீஸ் வரும்வரை சும்மா சில தடவை அமுக்குங்கள். நடுவில் காற்று இருந்தால் அமுக்கினாலும் வராது.

நான்காவது: முன்சக்கரம் தரையிலிருந்து சற்று எழும்பும்வரை ஜக்கால் தூக்கி, சேசியின் அடியில் மரக்குற்றிகளை வைத்துத் தாங்குங்கள். ஏன் தூக்க வேண்டும்? பாரம் இருக்கும்போது பின்னின் ஒரு பக்கம் புஷ்ஷோடு இறுகி ஒட்டியிருக்கும். கிறீஸ் வேண்டிய இடமே அதுதான். ஆனால் இடைவெளி இல்லாததால் அங்கே போகாது. பாரத்தை எடுத்துவிட்டால் கிறீஸ் சுற்றிவர எல்லாப் பக்கமும் போகும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கையையோ தலையையோ ஒருபோதும் விடாதீர்கள்.

ஐந்தாவது: கன்னின் நுனியை நிப்பிளில் நேராக வைத்து அழுத்துங்கள். சரிந்திருந்தால் கிறீஸ் வெளியே பிதுங்கும். மெதுவாக அமுக்குங்கள். மூட்டின் ஓரத்தால் முதலில் கறுத்த பழைய கிறீஸ் வரும். புதுக் கிறீஸ் சுத்தமாகத் தலைகாட்டியதும் நிறுத்துங்கள். அதற்குமேல் அடிப்பது விரயம்.

ஆறாவது: வெளியே வந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் தூசி ஒட்டி உரைதாள் போலாகும். பின்பு பின்பக்க மூட்டுகளுக்கும் இதேபோல் செய்யுங்கள். அவற்றைத் தூக்காமலே பெரும்பாலும் எட்டிவிடலாம்.

ஏழாவது: கிளட்ச், கியர், அக்ஸிலேட்டர் கேபிள்களின் மேல் நுனியில் மெல்லிய எண்ணெய் சில துளி விடுங்கள். பிரேக் எண்ணெய்த் தொட்டியில் மட்டும் வேறு எந்த எண்ணெயையும் ஊற்றக்கூடாது. சாதாரண எண்ணெய் அங்கே போனால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதி, பிரேக் பிடிக்காமல் போகும்.

வெளியே வரும் கிறீஸ் சொல்லும் செய்தி

வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல வெளியே வரும் பழைய கிறீஸைப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் பயமில்லை. செம்மண் நிறமாக வந்தால் உள்ளே துருப் பிடித்திருக்கலாம். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இனி அடிக்கடி அடிக்க வேண்டும். விரலில் தேய்த்துப் பார்க்கும்போது மினுமினுவென இரும்புத் தூள் தெரிந்தால் தேய்மானம் கூடிவிட்டது, கராஜுக்குக் கொண்டு போங்கள்.

கன்னை அமுக்க முடியாமல் இறுகினால் பலம் போட வேண்டாம். பாரத்தை எடுத்துவிட்டு, ஹேண்டலை இரு பக்கமும் திருப்பி, சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், அல்லது அதைக் கடைக்குக் கொண்டு போய் அதே அளவில் புதியது வாங்கிப் பூட்டுங்கள். புது நிப்பிளிலும் போகாவிட்டால் உள்ளே துவாரம் அடைத்துவிட்டது. கழற்றித்தான் பார்க்க வேண்டும். சிலர் நெருப்பைக் காட்டிச் சூடாக்குகிறார்கள். பெற்றோல் உள்ள வண்டிக்கு அது கொள்ளி வைப்பது போலத்தான்.

ஆட்டம் பார்க்கும் சோதனை

முன்பக்கம் தூக்கியிருக்கும்போதே இதையும் செய்துவிடுங்கள். முன்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். "கடக் கடக்" என்று ஆடினால் பெயாரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. ஹேண்டலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்தாற்போல் பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங் பெயாரிங் தழும்பாகிவிட்டது. அந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டவே கூடாது. வண்டியைத் திருத்திய பிறகுதான் ஆள் ஏற்ற வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாதவை

சக்கர பெயாரிங், ஸ்டியரிங் பெயாரிங், என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் ரப்பர் உறைக்குள் இருக்கும் மூட்டு ஆகியவற்றைக் கழற்றித்தான் கிறீஸ் வைக்க வேண்டும். பழகாதவர்கள் இவற்றைத் தொட வேண்டாம். சக்கரத்துக்குள் அளவுக்கு மிஞ்சிக் கிறீஸ் திணித்தால் அது சூடேறி இளகி பிரேக் டிரம்முக்குள் வழியும். பிரேக் லைனிங்கில் கிறீஸ் பட்டால் இறக்கத்தில் வண்டி நிற்காது. ஆனால் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்ப்பது நம்மால் முடிந்த காரியம். கிழிசலைக் கண்டால் உடனே மாற்றிவிடுங்கள். சிறு கிழிசலுக்குள் சேறு போனால் முழு மூட்டும் போய்விடும்.

வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து வேலை செய்வதையும் பல இடங்களில் பார்க்கிறோம். பெற்றோலும் பற்றரி அசிட்டும் வழியும், பிடி தவறினால் ஆள்மேல் விழும். அதைத் தவிருங்கள். வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரட் வேண்டவே வேண்டாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

கிறீஸ் கன் கையால் அமுக்குவதாக இருந்தாலும் அதன் நுனியில் அழுத்தம் மிகப் பெரிது. கன்னின் நுனியை விரலால் அடைத்துப் பார்க்கக் கூடாது. குழாய் வெடித்துக் கிறீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், ஊசி குத்தியது போன்ற சிறு காயம்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இராது. "சின்னக் காயம்தானே" என்று இருந்தால் விரலையே இழக்க நேரிடலாம். அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், கிறீஸ் உள்ளே போனதென்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் எட்டாத இடத்தில் டின்னை மூடி வையுங்கள். கை கழுவப் பெற்றோல் வேண்டாம், தோல் வெடிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, பின் சவர்க்காரம் போடுங்கள். எண்ணெய்த் துணியைக் கானிலோ பீலிக்கரையிலோ எறியாதீர்கள். மேல் லயத்தில் கொட்டுவது கீழ் லயத்தாரின் குடிதண்ணீருக்குத்தான் வந்து சேரும்.

எப்போது அடிக்க வேண்டும்?

புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் கணக்கே முதற் கணக்கு. கல் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது நல்லது. சேர்விஸ் நிலையத்தில் தண்ணீர் பீச்சிக் கழுவியபின் கட்டாயம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புகுந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்தார் மே மாதத் தென்மேற்கு மழைக்கு முன்னும், பதுளை, பசறைப் பக்கத்தார் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் ஒரு தடவை விசேஷமாகப் பாருங்கள். மழைக்காலம் முழுவதும் கொஞ்சம் அடிக்கடி செய்யுங்கள்.

ஒரு பழைய கொப்பியில் திகதி, மீட்டர் கணக்கு, எங்கெங்கே அடித்தோம், என்ன நிறத்தில் வந்தது என்று எழுதி வையுங்கள். படிக்கும் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் அது மறக்காது. "அப்பா, இந்த மாசம் இன்னும் கிறீஸ் அடிக்கலியே" என்று அதுவே ஞாபகப்படுத்தும். இது ஆண்கள் வேலை என்று வீட்டுக்கார அம்மா ஒதுங்கவும் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் கைக்கு இந்தக் கன் ஒரு பாரமே அல்ல.

வேலை முடிந்ததும் கட்டைகளையும் குற்றிகளையும் எடுத்துவிட்டோமா என்று பாருங்கள். சமதரையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். பிரேக் சரியாகப் பிடித்தால் மட்டுமே இறக்கத்தில் இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் இவ்வளவும் முடிந்துவிடும். முதல் தடவை தனியாகச் செய்யாமல், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடுத்த தடவை நீங்களே பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.